நானூறு கணக்கு போட்டும் கை ஓடவில்லையே!

வேலை வாய்ப்பு: வாசகர் கேள்விகள்
இந்த இதழில்: பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களின் நேர்காணல்

லீட்கோட் என்ற பயிற்சித் தளத்தில் நானூறு புரோகிராமிங் கணக்குக்கு மேல் போட்டிருக்கிறேன். போன மாதம் ஒரு பெரிய நிறுவனத்தின் முதல் ரவுண்டில், ஏற்கெனவே போட்ட மாதிரிக் கணக்கே வந்தது. இருந்தும் கை ஓடவில்லை. ஒருவழியாக விடையை எழுதி முடித்தேன். ஆனாலும் தேர்வாகவில்லை. எங்கே தவறு?
- இறுதியாண்டு மாணவி, கோவில்பட்டி

விடை சரியாக இருந்தும் தேர்வாகாமல் போவது அடிக்கடி நடப்பதுதான். காரணம் புரிய, திரைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். உங்களிடம் பேசியவர் ரவுண்டு முடிந்ததும் ஓர் அறிக்கை எழுதுவார். கூகுளில் அந்த அறிக்கைகளை, உங்களைப் பார்த்தேயிராத ஒரு குழு படித்துப் பரிசீலிக்கும். அமேசானில் எல்லா ரவுண்டும் எடுத்தவர்கள் கூடிப் பேசுவார்கள். அதில், தேர்வின் தரம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேறு அணியிலிருந்து வரும் ‘பார் ரெய்ஸர்’ ஒருவரும் இருப்பார். அரைமணி நேரம் வாய் திறக்காமல் யோசித்துவிட்டுச் சரியான விடையை எழுதினால், ‘விடை வந்தது’ என்பதற்கு மேல் அறிக்கையில் எழுத எதுவும் இருக்காது. மனப்பாடம் செய்த விடையோ என்ற சந்தேகமும் சேர்ந்துகொள்ளும். உங்கள் மனதுக்குள் ஓடியது எவ்வளவு நல்ல யோசனையாக இருந்தாலும், சொல்லாதது அறிக்கையில் ஏறாது.

ஓர் உதாரணம். 0, 1 நிரம்பிய கட்டம் கொடுத்து, 1 நிலம், 0 நீர், எத்தனை தீவுகள் என்று எண்ணச் சொல்கிறார்கள். முதல் ஐந்து நிமிடம் புரோகிராம் எழுதவே வேண்டாம். கேளுங்கள்: மூலைவாட்டில் தொட்டுக்கொண்டால் ஒரே தீவா? கட்டம் எவ்வளவு பெரியது? கொடுத்த கட்டத்தையே நான் மாற்றி எழுதலாமா? காலிக் கட்டம் வருமா? இவை ஒப்புக்குக் கேட்கும் கேள்விகள் இல்லை. ஒவ்வொன்றின் பதிலும் புரோகிராமை மாற்றும். 300-க்கு 300 என்று பதில் வந்தால் மொத்தம் 90,000 சிறு கட்டங்கள். முழுவதும் நிலமாக இருந்துவிட்டால் ரிகர்ஷன் (ஃபங்ஷன் தன்னையே மறுபடி அழைப்பது) பல்லாயிரம் அடுக்கு ஆழம் இறங்கும். பைத்தானின் இயல்பான வரம்போ 1,000. “அதனால் ரிகர்ஷனை விட்டுவிட்டு கியூ வைத்து எழுதுகிறேன்” என்று எழுதும் முன்பே சொல்லுங்கள் (கியூ என்பது முதலில் வந்தது முதலில் வெளியேறும் வரிசை). அந்த ஒரு வாக்கியம் அறிக்கையில் ஒரு பத்தியாகும்.

அடுத்து, சுமாரான வழியானாலும் முதலில் தோன்றியதைச் சொல்லுங்கள். அது எத்தனை படி ஓடும், ஏன் போதாது, எதை மாற்றினால் குறையும் என்று விளக்கி, அவர் தலையசைத்த பிறகு எழுதத் தொடங்குங்கள். எழுத 15 முதல் 20 நிமிடம். கடைசி எட்டு நிமிடத்தைக் கட்டாயம் ஒதுக்கி, 3-க்கு 3 கட்டத்தை வைத்து வரிவரியாக நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். ஒரே கட்டம், முழுவதும் நீர், முழுவதும் நிலம் என்ற மூன்றையும் சோதியுங்கள். கூகுள் நேர்காணலில் பெரும்பாலும் ‘ரன்’ பட்டன் இல்லாத எடிட்டர்தான் கிடைக்கும். ஓட்டிப் பார்த்துத் திருத்திப் பழகியவர்கள் அங்கேதான் தடுமாறுகிறார்கள். மெட்டாவில் ஒரே ரவுண்டில் இரண்டு கணக்கு வருவது வழக்கம் என்பதால், அங்கே இந்த நேரக்கணக்கைப் பாதியாக்கிக்கொள்ள வேண்டும்.

இந்தத் தீவுக் கணக்கில் பலரும் விழும் குழி ஒன்று உண்டு. ஒரு சிறு கட்டத்தைப் பார்த்தாயிற்று என்ற குறியை, கியூவிலிருந்து எடுக்கும்போது போடுகிறார்கள். கியூவில் போடும்போதே குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் அதே கட்டத்தை அக்கம்பக்கத்துக் கட்டங்களும் மறுபடி மறுபடி உள்ளே தள்ளும். விடை சரியாகவே வரும். ஆனால் கியூ வீங்கி, பெரிய கட்டத்தில் நேரமும் நினைவகமும் வீணாகும். சிறிய உதாரணத்தில் தெரியாத தவறு இது.

நானூறு போதும். புதிய கணக்குகளை நிறுத்துங்கள். போட்டதிலிருந்து அறுபதைப் பொறுக்கி, ஆட்டோ கம்ப்ளீட் இல்லாத வெறும் எடிட்டரில், 35 நிமிட அலாரம் வைத்து, வாய்விட்டுப் பேசிக்கொண்டே மறுபடி போடுங்கள். போனில் பதிவு செய்யுங்கள். 25 நிமிடம் திணறினால் விடையைப் பார்க்கலாம், தவறில்லை. பார்த்ததை மூடிவிட்டு உடனே முதலிலிருந்து எழுதுங்கள். அதே கணக்கை மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் திரும்பப் போடுங்கள்.

ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரே வரி: கேள்வியின் எந்தச் சொல் வழியைக் காட்டியிருக்க வேண்டும்? ‘கே-வது பெரியது’ என்றால் ஹீப் (மிகப் பெரியதையோ சிறியதையோ உடனே எடுத்துத் தரும் அமைப்பு). ‘குறைந்தபட்ச நகர்வுகள்’ என்றால் பி.எஃப்.எஸ். (அருகிலிருந்து அடுக்கடுக்காகத் தேடுவது). ‘வரிசைப்படுத்தப்பட்ட’ என்றால் பைனரி சர்ச் (பாதி பாதியாகக் குறைத்துத் தேடுவது). ‘அடுத்தடுத்த உறுப்புகள்’ என்றால் ஸ்லைடிங் விண்டோ (இரு முனைகளை நகர்த்தி ஒரு பகுதியை மட்டும் பார்ப்பது). இந்தக் கடைசியில் மட்டும் எச்சரிக்கை வேண்டும்: அடுத்தடுத்த எண்களின் கூட்டுத்தொகை இவ்வளவு வர வேண்டும் என்று கேட்டு, பட்டியலில் மைனஸ் எண்களும் இருந்தால் விண்டோ வேலை செய்யாது. வலப்பக்கம் விரித்தால் தொகை கூடும், இடப்பக்கம் சுருக்கினால் குறையும் என்ற அடிப்படையே அங்கு உடைந்துவிடும். அப்போது தொடக்கத்திலிருந்து வரும் கூட்டுத்தொகைகளை ஹேஷ் மேப்பில் (சாவியைச் சொன்னால் அதன் மதிப்பை உடனே தரும் அட்டவணை) சேர்த்துக்கொண்டே போக வேண்டும்.

உள்ளீட்டின் அளவும் துப்புக் கொடுக்கும். வினாடிக்குச் சுமார் 10 கோடி எளிய படிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,00,000 எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் 1,000 கோடி படிகள். நடக்காது, வரிசைப்படுத்தியோ ஹேஷ் மேப் வைத்தோதான் தீர்க்க வேண்டும். 5,000 என்றால் இப்படி ஒப்பிடும் இரட்டை லூப் தாங்கும். 20 என்று கொடுத்திருந்தால் எல்லாச் சேர்க்கைகளையும் முயன்று பார்க்கலாம் என்றே பொருள். அவை 10,48,576 தான்.

கல்லூரியில் படித்த சி மொழி மட்டும்தான் நன்றாகத் தெரியும். அதிலேயே நேர்காணலை எழுதலாமா?
- வாசகர், சேலம்

எழுதலாம் என்று விட்டாலும் எழுதாதீர்கள். சி-யில் ஹேஷ் மேப்பும் ஹீப்பும் கையோடு வருவதில்லை. அவற்றைக் கட்டவே கால்மணி நேரம் போய்விடும். சி தெரிந்தவருக்கு சி++ பக்கத்து வீடுதான். ஆறு வாரம் அதிலேயே புழங்குங்கள். பைத்தானோ ஜாவாவோ கூட நல்லதுதான். எதை எடுத்தாலும் அதன் பொறிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்.

சி++: மேப்பில் ஒரு சாவி இருக்கிறதா என்று சதுர அடைப்புக்குறி போட்டுப் பார்த்தால், இல்லாத சாவி அந்த நொடியே உள்ளே சேர்ந்துவிடும். ‘இன்ட்’ வகை எண் சுமார் 214 கோடியோடு நின்றுவிடும். கூட்டுத்தொகை பெரிதானால் ‘லாங் லாங்’. பைத்தான்: பட்டியலின் முதல் உறுப்பை எடுத்தால் மீதி எல்லாம் ஒவ்வோர் இடம் நகரும், கியூவுக்கு ‘டெக்’ பயன்படுத்துங்கள். ஜாவா: இரண்டு ‘இன்டிஜர்’ பொருள்களை இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் 127 வரை ஒழுங்காக ஓடி, 128-இல் காலை வாரும். மைனஸ் 128 முதல் 127 வரையிலான எண்களை ஜாவா முன்கூட்டியே எடுத்துவைத்துப் பகிர்ந்துகொள்வதால் வரும் வினை இது. ‘ஈக்வல்ஸ்’ எழுதுங்கள்.

பைனரி சர்ச்சில் நடுப்புள்ளியை, இரு முனைகளையும் கூட்டி இரண்டால் வகுத்து எடுக்காமல், இடைவெளியில் பாதியை இடமுனையோடு கூட்டி எடுங்கள். கூட்டும்போது எண் வரம்பு தாண்டும் இந்தத் தவறு ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே பல ஆண்டுகள் இருந்து, 2006-இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

மகன் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். ஒரு பயிற்சி மையத்தில் ஒன்றரை லட்சம் கட்டினால் பெரிய கம்பெனியில் வேலை உறுதி என்கிறார்கள். கட்டலாமா?
- ஒரு தந்தை, தஞ்சாவூர்

கட்ட வேண்டாம், ஐயா. எந்தப் பயிற்சி மையத்தாலும் அந்த நிறுவனங்களில் வேலைக்கு உறுதி கொடுக்க முடியாது. பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன: ஐ.ஐ.டி.களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். தளத்தில் அல்காரிதம், ஆபரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ் எல்லாம் உண்டு; சான்றிதழ் தேர்வுக்கு மட்டுமே கட்டணம். பயிற்சிக் கணக்குகளும் பெருமளவு இலவசம். மகனுக்கு உண்மையில் தேவைப்படுவது வாரம் இரண்டு முறை எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்க ஒரு வகுப்புத் தோழன். இன்னொன்று: வேலை தருகிறோம் என்று சொல்லி லேப்டாப்புக்கு முன்பணம், ‘செக்யூரிட்டி டெபாசிட்’ என்று யார் பணம் கேட்டாலும் அது மோசடி. அமேசானோ மைக்ரோசாஃப்டோ வேலைக்கு எடுக்க உங்களிடம் ஒரு ரூபாய் கூடக் கேட்பதில்லை.

நான்கு ஆண்டுகளாக சப்போர்ட் பிராஜெக்டில் இருக்கிறேன். எதையும் முதலிலிருந்து வடிவமைத்ததில்லை. சிஸ்டம் டிசைன் ரவுண்டை நினைத்தாலே பயமாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?
- வாசகி, சோழிங்கநல்லூர்

சப்போர்ட் வேலையைக் குறைவாக எண்ணாதீர்கள். எது, எப்போது, ஏன் உடைகிறது என்பதை நேரில் பார்த்தவர் நீங்கள்; இந்த ரவுண்டின் பின்பாதி முழுக்க அதைப் பற்றித்தான். உங்களுக்குப் புதிது முன்பாதி மட்டும், அதுவும் எண்களில் தொடங்குவது. பெட்டி பெட்டியாகப் படம் வரைந்து, முதல் நிமிடத்திலேயே காஃப்கா (செய்திகளைக் கடத்தும் மென்பொருள்), ஷார்டிங் (டேட்டாபேஸைப் பல இயந்திரங்களுக்குப் பிரிப்பது) என்று அடுக்குவதுதான் இங்கே பெரும்பாலானோர் செய்யும் பிழை.

நீண்ட இணைய முகவரியைச் சுருக்கித் தரும் சேவையை எடுத்துக்கொள்வோம். மாதம் 10 கோடி புதிய முகவரிகள் என்று பேசி முடிவு செய்கிறீர்கள். மாதத்துக்குச் சுமார் 26 லட்சம் வினாடிகள்; ஆக வினாடிக்கு ஏறக்குறைய 40 புதிய பதிவுகள். ஒன்று உருவாக்கினால் நூறு பேர் திறப்பார்கள் என்று கொண்டால், வினாடிக்கு 4,000 வாசிப்புகள். ஒரு பதிவுக்கு 500 பைட் என்றால் மாதம் 50 ஜி.பி., ஐந்து ஆண்டில் 3 டி.பி. இப்போது என்ன தெரிகிறது? எழுதும் சுமை அற்பம். சேமிப்பு ஒரே இயந்திரத்தில் அடங்கும். சுமை முழுவதும் வாசிப்பில். ஆகவே முதல் நாளே டேட்டாபேஸை உடைக்கத் தேவையில்லை. ஒரு டேட்டாபேஸ், அதற்கு நகல்கள், முன்னால் ஒரு கேச் (அடிக்கடி கேட்பதை உடனே தர நினைவகத்தில் வைத்திருப்பது). “எண் இப்படி இருப்பதால் இது போதும், பத்து மடங்கானால் இந்த இடம் முதலில் திணறும்” என்று சொல்லத் தெரிந்தவரைத்தான் அந்த ரவுண்டு தேடுகிறது.

சுருக்கக் குறியீடு எத்தனை எழுத்து? பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, இலக்கம் 10, ஆக 62. ஆறு எழுத்தில் சுமார் 5,680 கோடி, ஏழு எழுத்தில் சுமார் 3.5 லட்சம் கோடி. ஆண்டுக்கு 120 கோடி செலவாகும் நமக்கு ஏழு தாராளம். எப்படி உருவாக்குவது? முகவரியை ஹேஷ் செய்து (ஒரு சூத்திரத்தால் குறியீடாக மாற்றி) முதல் ஏழு எழுத்தை வெட்டினால், வேறு முகவரிக்கும் அதே ஏழு வரலாம். ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸில் பார்த்து உறுதி செய்ய வேண்டும். அதற்குப் பதில் ஏறிக்கொண்டே போகும் ஓர் எண்ணை 62 அடிமானத்தில் எழுதலாம். எல்லா சர்வரும் ஒரே எண்ணியை நச்சரிக்காமல் இருக்க, ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் ஆயிரமாக எண்களை வாங்கிக் கொடுங்கள். நடுவில் ஒரு சர்வர் செத்தால் அதிகபட்சம் ஆயிரம் எண் வீண், போகட்டும். ஆனால் வரிசை எண் என்பதால் அடுத்தவர் முகவரியை யாரும் ஊகித்துவிடலாம். அது பிரச்சினையா என்று நீங்களே எழுப்பி, நேர்காணல் எடுப்பவரிடம் கேளுங்கள்.

சின்ன விஷயம், ஆனால் நல்ல மதிப்பெண் தருவது: திறப்பவரை அசல் முகவரிக்குத் திருப்பிவிடும்போது 301 (நிரந்தர மாற்றம் என்ற குறி) அனுப்பினால் பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை உங்கள் சர்வருக்கு வராமலே போய்விடும். சுமை குறையும், கிளிக் எண்ணிக்கையும் போகும். எண்ணிக்கை வேண்டுமென்றால் 302 (தற்காலிகம் என்ற குறி).

இதுபோல எட்டு கணக்குகளை (அரட்டைச் செயலி, டிக்கெட் முன்பதிவு, செய்தி ஓடை, கோப்புச் சேமிப்பு மாதிரி) ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் கொடுத்துச் செய்யுங்கள். கூடவே, இப்போது நீங்கள் சப்போர்ட் செய்யும் அந்த அமைப்பையே முழுதாக வரைந்து பாருங்கள். ஒரு நாளுக்கு எத்தனை கோரிக்கை, டேட்டாபேஸ் எவ்வளவு பெரியது, போன முறை எது ஏன் விழுந்தது என்று அணியில் கேட்டு எழுதி வையுங்கள்.

அமேசானில் எல்லா ரவுண்டிலும் ‘லீடர்ஷிப் பிரின்சிபிள்ஸ்’ பற்றிக் கேட்பார்களாமே? மேனேஜர் பதவிக்குப் போகாதவர்களுக்கும் அது உண்டா?
- வாசகர், ஓசூர்

எல்லோருக்கும் உண்டு. அமேசான் தன் ஊழியர்களிடம் எதிர்பார்க்கும் இந்தக் கொள்கைகள் மொத்தம் 16; கடைசி இரண்டு 2021-இல் சேர்ந்தன. பதினாறையும் ஒப்பிக்கச் சொல்ல மாட்டார்கள். “காலக்கெடுவைத் தவறவிட்ட ஒரு சந்தர்ப்பம் சொல்லுங்கள்”, “மேலதிகாரியோடு கருத்து வேறுபட்டபோது என்ன செய்தீர்கள்” என்று கேட்பார்கள். வேலையிலிருந்தோ கல்லூரி பிராஜெக்டிலிருந்தோ எட்டு உண்மைச் சம்பவங்களை எழுதிவைத்தால் போதும். ஒரே சம்பவம் இரண்டு மூன்று கொள்கைகளுக்குப் பொருந்தும். சூழல், உங்கள் பொறுப்பு, நீங்கள் செய்தது, விளைவு என்ற வரிசையில், மூன்று நிமிடத்துக்குள் சொல்லுங்கள். முதல் இரண்டுக்கும் சேர்த்து அரை நிமிடம் போதும். பலர் சூழலை விவரிப்பதிலேயே இரண்டு நிமிடத்தைக் கரைத்துவிடுகிறார்கள்.

நம்மவர்களுக்கே உரிய ஒரு சிக்கல் இங்கே உண்டு. ‘நான் செய்தேன்’ என்று சொல்லக் கூசும் பழக்கம். “நாங்க பண்ணினோம்” என்பதுதான் வாயில் வரும், மரியாதையும் அதுதான். ஆனால் அறிக்கை எழுதுபவர் அதைக் கேட்டு, இவர் என்ன செய்தார் என்று தெரியாமல் விழிப்பார். அணி செய்ததற்கு ‘நாங்கள்’, நீங்கள் செய்ததற்கு ‘நான்’ என்று பிரித்துப் பேசுங்கள். “இரவு ஓடும் பேட்ச் வேலையைச் சரிசெய்தோம்” என்பதைவிட, “பேட்ச் வேலை ஆறு மணி நேரம் ஓடியது. நான் குவெரி பிளானைப் பார்த்தேன்; ஒரு நெடுவரிசைக்கு இண்டெக்ஸ் இல்லாமல் முழு டேபிளையும் படித்துக்கொண்டிருந்தது. இண்டெக்ஸ் போட்டதும் ஐம்பது நிமிடமானது” என்று சொன்னால் மேற்கொண்டு கேட்கவும் எழுதவும் பொருள் இருக்கும். தோண்டித் தோண்டிக் கேட்பார்கள்: ஏன் அந்த இண்டெக்ஸ், எழுதும் வேகம் குறைந்ததா, யாரிடம் அனுமதி வாங்கினீர்கள்? கட்டுக்கதை மூன்றாவது கேள்வியில் உடைந்துவிடும். தோல்வியைக் கேட்டால் உண்மையான தோல்வியைச் சொல்லுங்கள். ‘அதிகமாக உழைப்பதுதான் என் குறை’ என்ற பதில் வேண்டவே வேண்டாம்.

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தேன். கணக்கு வருகிறது. ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே எழுத வரவில்லை.
- மாணவர், அரியலூர்

இலக்கணப் பிழைக்காக இந்த நேர்காணலில் யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை; மௌனத்துக்குத்தான் குறையும். தேவைப்படும் ஆங்கிலமும் மிகக் குறுகலானது. சுமார் முப்பது வாக்கியங்களில் 45 நிமிடத்தை ஓட்டிவிடலாம். கேள்வி புரியவில்லையா: “குட் யூ ப்ளீஸ் ரிப்பீட் தட்?” யோசிக்க நேரம் வேண்டுமா: “லெட் மீ திங்க் ஃபார் எ மினிட்.” புரிந்ததை உறுதி செய்ய: “ஸோ தி இன்புட் இஸ்...” என்று தொடங்கி உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள். தவறைக் கண்டுபிடித்தால்: “ஐ சீ எ பக் ஹியர், லெட் மீ ஃபிக்ஸ் இட்.”

முதல் இரண்டு வாரம் தமிழிலேயே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு கணக்குப் போடுங்கள். யோசிப்பதும் பேசுவதும் ஒரே நேரத்தில் நடப்பது தனிப் பழக்கம்; அது முதலில் படியட்டும். மூன்றாம் வாரத்திலிருந்து அதையே சிறு சிறு ஆங்கில வாக்கியங்களில், தினம் இருபது நிமிடம், போனில் பதிந்து. மறுநாள் அதைக் கேளுங்கள். பத்து வினாடிக்கு மேல் சத்தமே இல்லாத இடங்களைக் குறித்து, அங்கே என்ன சொல்லியிருக்கலாம் என்று எழுதுங்கள். அப்படி எழுதுபவையே உங்களுக்கான முப்பது வாக்கியங்கள்.

ஆஃபரில் போட்டிருக்கும் சி.டி.சி. (நிறுவனம் ஒருவருக்காக ஆண்டுக்குச் செய்யும் மொத்தச் செலவு) முழுதாகக் கையில் வருவதில்லை என்கிறார்களே, எதைப் பார்க்க வேண்டும்?
- வாசகர், கோவை

மாதாமாதம் வருவது அடிப்படைச் சம்பளமும் படிகளும் சேர்ந்த நிலையான பகுதி மட்டும், அதுவும் பிடித்தம் போக. சி.டி.சி.யில் நிறுவனம் கட்டும் பி.எஃப்., பணிக்கொடை, ஒருமுறை தரும் ஜாயினிங் போனஸ், நான்கு ஆண்டுகளில் வரும் பங்குகள் எல்லாம் கலந்திருக்கும். பங்குகள் எந்த ஆண்டு எவ்வளவு என்று கேளுங்கள். அமேசானில் பல ஆண்டுகளாக இருக்கும் முறை 5, 15, 40, 40 சதவீதம். 40 லட்சம் மதிப்புப் பங்கு என்றால் முதல் ஆண்டு 2 லட்சம், இரண்டாம் ஆண்டு 6 லட்சம். அந்தக் குறையை முதல் இரண்டு ஆண்டுகளின் ரொக்க போனஸால் ஈடுகட்டுவார்கள். குறிப்பிட்ட காலத்துக்குள் வேலையை விட்டால் ஜாயினிங் போனஸைத் திருப்பித் தர வேண்டுமா என்பதையும் கடிதத்தில் தேடுங்கள்.

பங்கு உங்கள் கணக்குக்கு வரும் நாளிலேயே அதன் மதிப்பு சம்பளமாகக் கருதப்பட்டு வரி பிடிக்கப்படும். வழக்கமாக ஒரு பகுதிப் பங்கை விற்றே பிடிப்பார்கள். அமெரிக்கப் பங்கு வைத்திருப்பவர் ஐ.டி.ஆர்.-1 என்ற எளிய வருமான வரிப் படிவத்தைத் தாக்கல் செய்யக் கூடாது. வெளிநாட்டுச் சொத்து அட்டவணை உள்ள படிவத்தில் அதைக் காட்ட வேண்டும். விற்காவிட்டாலும் காட்ட வேண்டும். தற்போதைய நிறுவனத்தில் 90 நாள் நோட்டீஸ் என்றால், அதை முதல் அழைப்பிலேயே ரெக்ரூட்டரிடம் (ஆள் சேர்ப்பை நடத்தும் நிறுவன ஊழியர்) சொல்லிவிடுங்கள்.

தேர்வாகவில்லை. மறுபடி எப்போது விண்ணப்பிக்கலாம்?
- வாசகி, நாகர்கோவில்

பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஓராண்டு இடைவெளி கேட்பார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம், எந்தச் சுற்று வரை போனீர்கள் என்பதைப் பொறுத்தும் மாறும். முடிவு சொல்லும் மின்னஞ்சலுக்கே நன்றி சொல்லிப் பதில் எழுதி, தேதியை ரெக்ரூட்டரிடம் கேட்டுவிடுங்கள். எந்த ரவுண்டு பலவீனம் என்றும் கேளுங்கள். எழுத்தில் தராதவர்கள் போனில் சில சமயம் சொல்வார்கள். அன்றிரவே, நினைவு மங்கும் முன், எந்த நிமிடத்தில் எங்கே நின்றீர்கள் என்பதை உங்களுக்காக எழுதி வையுங்கள். அடுத்த ஆறு மாதத்தின் பாடத்திட்டத்தை அதிலிருந்து போடலாம்.